விஸ்கான்சின் மான் பருவம்: முதல் நாளுக்குத் தயாரான கதை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், இந்த வருட மான் வேட்டைப் பருவத்தின் திறப்பு நாளன்று ஒரு பெட்டை மான் கிடைத்தது. தூரம் 62 கெஜம். ஒரே தோட்டா. பட்ட பிறகு மான் ஓடியது 40 கெஜத்துக்கும் குறைவு. போன வருடம் அதே காட்டில், இதைவிடக் கிட்டத்தில் நின்ற மானைச் சுடாமல் விட்டேன். குறி வைத்த இடத்தில்தான் தோட்டா போய்ப் படும் என்ற உறுதி அன்று எனக்கு இல்லை. காயத்தோடு ஓடி, எங்கோ ஒரு புதரில் கிடந்து மெல்லச் சாகும் மானை நினைத்தால் விசையில் விரல் வைக்க மனம் வராது. அந்த உறுதியைச் சம்பாதிக்க இரண்டு நவம்பருக்கு நடுவில் என்ன செய்தேன், எங்கே சுற்றுவழியில் போனேன், எவ்வளவு செலவானது என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். இங்கே வேட்டைக்குப் போக நினைக்கும் நம்மவர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் காகித வேலை. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விஸ்கான்சினில் துப்பாக்கி மான் பருவம் ஒன்பது நாள். நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். நான் நேரடி வகுப்புக்குப் போனேன், கட்டணம் 10 டாலர். மாநிலத்தில் குடியிருப்பவருக்கு மான் உரிமம் 24 டாலர், முதல்முறை வாங்குபவருக்கு 5 டாலர். என்னிடம் கிரீன் கார்டு இருப்பதால் துப்பாக்கி வாங்குவதில் சிக்கல் இல்லை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆனாலும் அந்த நிலையில் இருப்பவர்கள் ஒரு வக்கீலிடம் பேசிவிட்டுப் பிறகு கடைக்குப் போவது நல்லது. விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் விஷயம் இல்லை இது. ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுட்டால் சிறை. இங்கே எந்தக் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், எத்தனை பெட்டை மானுக்கு அனுமதி என்று மாநிலமே வருடாவருடம் முடிவு செய்து உரிமம் விற்கிறது. அந்தக் கணக்குக்குள் நின்று வேட்டையாடுவதைத்தான் நான் வேட்டை என்கிறேன்.

என் துப்பாக்கி பழையதாக வாங்கிய .308 போல்ட் ரைஃபிள், ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை. பெரிதாக்கிக் காட்டும் குறிபார்க்கும் கண்ணாடியான ஸ்கோப், 3-9×40, அதிலேயே மாட்டியிருந்தது. இரண்டும் சேர்த்து 380 டாலர். ஆகஸ்டில் சுடுதளத்துக்கு எடுத்துப் போனேன், நாள் கட்டணம் 12 டாலர். 100 கெஜத்தில் மூன்று தோட்டா சுட்டால் தாளில் விழும் துளைகளின் கொத்து ஐந்து அங்குலத்துக்குப் பரவியது. அடுத்த மூன்று வேறொரு மூலையில். மானின் நெஞ்சுப் பகுதியில், நுரையீரலும் இதயமும் இருக்கும் இடம் கிட்டத்தட்ட எட்டு அங்குல வட்டம். சாவகாசமாக மேசையில் சாய்த்துச் சுடும்போதே ஐந்து அங்குலம் சிதறினால், குளிரில் நடுங்கும் கையோடு காட்டில் என்ன ஆகும்?

முதல் சந்தேகம் தோட்டா மேல் விழுந்தது. பயிற்சிக்கு வாங்கிய மலிவுத் தோட்டா, 20 கொண்ட பெட்டி 22 டாலர். வேறு கம்பெனிப் பெட்டி ஒன்று 28 டாலருக்கு வாங்கிப் பார்த்தேன். அதே சிதறல்.

அடுத்த சந்தேகம் என் மேல். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் திருச்சிக்காரத் தம்பி கூட வந்திருந்தார். வெறும் தோட்டாக்கள் என்று கடையில் கிடைக்கும், உள்ளே மருந்து இருக்காது, ஐந்து கொண்ட பொட்டலம் 18 டாலர். நான் பார்க்காதபோது நிஜத் தோட்டாவோ வெறும் தோட்டாவோ ஏதாவது ஒன்றை அவர் போட்டுக் கொடுப்பார். நான் சுட வேண்டும். வெறும் தோட்டா வந்த ஒரு முறை விசையை அழுத்தியதும் அவர் சொன்னார்: “அண்ணே, சத்தமே வரல, ஆனா குழல் முனை கீழ போயிடுச்சு பாருங்க.” சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், அந்த உதைக்கு முன்பே தோள் தானாக எதிர்த்துத் தள்ளுகிறது. இதைச் சரிசெய்ய வீட்டில் வெறும் தோட்டாவோடு தினமும் கொஞ்ச நேரம் பழகினேன். துப்பாக்கியில் நிஜத் தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்து, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு, குழல் முனையில் ஒரு நாணயத்தை நிறுத்தி, அது விழாமல் விசையை அழுத்துவது. செப்டம்பர் வாக்கில் நாணயம் விழுவது நின்றுவிட்டது. கொத்து ஐந்தில் இருந்து நாலாகக் குறைந்தது. அவ்வளவுதான். மிச்சம் எங்கிருந்து வருகிறது?

ஸ்கோப்பை முழுவதும் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. மேலே தெரியும் வளையத் திருகுகள் எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. அவற்றைத் தொட்டுப் பார்த்து நான் முதலிலேயே திருப்திப்பட்டிருந்தேன். ஆனால் வளையத்துக்கு அடியில், துப்பாக்கியோடு சேரும் தளத்தகடு இருக்கிறதே, அதன் முன்பக்கத் திருகு ஒன்று விரலாலேயே சுழன்றது. ஸ்கோப்பைக் கழற்றாமல் அந்தத் திருகு கண்ணுக்கே படாது. ஒவ்வொரு உதைக்கும் தகடு ஒரு மயிரிழை நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

பொருத்திய விதத்தை விவரமாகவே சொல்கிறேன். திருகுத் துளைகளில் இருந்த எண்ணெயையும் பழைய பசையையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். எண்ணெய் இருந்தால் திருகுப் பசை பிடிக்காது. தளத்தகட்டுத் திருகுகளுக்கு நீலநிறத் திருகுப் பசை ஒரு சொட்டு. சிவப்பு போடக்கூடாது, பிறகு சூடு காட்டினால்தான் கழலும். அங்குல-பவுண்டு காட்டும் முறுக்கு ஸ்க்ரூடிரைவர் 55 டாலர் கொடுத்து வாங்கினேன். தகட்டுக்கு 20, வளையத்துக்கு 16 வைத்து இறுக்கினேன். வளையத்தில் ஒரே பக்கத்தை முதலில் இறுக்காமல், குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. இல்லையென்றால் ஸ்கோப் சாய்ந்துவிடும், குழாயும் நசுங்கும். இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் தகடு வரை வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டேன். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். பேனா 4 டாலர். மொத்தச் செலவிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது அதுதான்.

ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்திக் கண்ணுக்குச் சரியான இடத்தில் வைக்கும்போது தடித்த நவம்பர் கோட்டைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். செப்டம்பர் வெயிலில் அது வேர்த்துக் கொட்டும்தான். ஆனால் டி-ஷர்ட்டில் அளந்து வைத்தால், கோட்டு போட்ட நாளன்று துப்பாக்கி தோளில் ஓர் அங்குலம் முன்னால் போய் நிற்கும், ஸ்கோப்புக்குள் கறுப்பு வளையம் தெரியும். கண்ணை ரொம்ப ஒட்டிக்கொண்டு சுட்டால் உதையில் ஸ்கோப் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும். என் ஸ்கோப்புக்கு மூன்றரை அங்குலம் சரியாக வந்தது.

அப்புறம் குறி சரிசெய்தல். நேராக 100 கெஜத்துக்குப் போகாமல் 25 கெஜத்தில் தொடங்கினேன். போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழலின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் தாளின் நடுப்புள்ளி தெரியும். துப்பாக்கியை அசைக்காமல் ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டையும் அதே புள்ளிக்குக் கொண்டுவந்தால் முதல் தோட்டா தாளிலாவது விழும். ஸ்கோப் குமிழின் ஒரு க்ளிக் 100 கெஜத்தில் கால் அங்குலம், 25 கெஜத்தில் அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது பதினாறில் ஒரு அங்குலம். எனக்கு ஒன்றரை அங்குலம் இடப்பக்கம் பட்டது, எனவே வலப்பக்கம் 24 க்ளிக். உயரத்தையும் அதே கணக்கில் நடுவுக்குக் கொண்டுவந்தேன். 25-இல் நடுவில் பட்ட துப்பாக்கி 100 கெஜத்தில் இரண்டரை அங்குலம் மேலே பட்டது. தூரத்து வயல்வெளியில் சுடுகிறவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். நான் சுடப்போவது மரங்களுக்கு நடுவே, எனவே பத்து க்ளிக் இறக்கி 100-இல் நேர் நடுவுக்குக் கொண்டுவந்தேன். கொத்து ஒன்றேகால் அங்குலம். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இதோடு முடியவில்லை. பயிற்சித் தோட்டாவின் முனை முழுக்கக் கவசம் போட்டது, உடலில் விரியாது. மானுக்கு அதைப் பயன்படுத்த இங்கே சட்டம் இடம் கொடுக்காது, விரியும் தோட்டாதான் வேண்டும். நான் செம்புத் தோட்டா எடுத்தேன், 150 கிரெய்ன் எடை, 20-க்கு 52 டாலர். விலை அதிகம்தான். ஆனால் ஈயத் தோட்டா உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைத் தாண்டியும் கறிக்குள் சிதறும். வீட்டில் குழந்தைகள் சாப்பிடப்போகிற கறி. அந்தச் செம்புத் தோட்டாவை அதே துப்பாக்கியில், அதே குறியில் சுட்டால் இரண்டு அங்குலம் கீழே, முக்கால் அங்குலம் வலப்பக்கம். தோட்டா மாறினால் படும் இடமும் மாறும் என்று வகுப்பில் கேட்டது இப்போது தாளில் தெரிந்தது. எட்டு க்ளிக் மேலே, மூன்று க்ளிக் இடப்பக்கம். அடுத்த வருடம் மலிவுத் தோட்டாவில் கைப்பழக்கம் மட்டும், குறி சரிசெய்வது முழுக்க வேட்டைத் தோட்டாவில்தான். நடுவில் வீணாகிற 60, 70 டாலர் மிச்சம்.

கடைசியாக மேசையை விட்டு எழுந்து சுட்டேன். ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு இலக்கு. உட்கார்ந்து, முழங்காலில் முட்டு வைத்தால் 100 கெஜத்தில் எல்லாமே தட்டுக்குள். முட்டு இல்லாமல் நின்றபடி சுட்டால் 60 கெஜத்தைத் தாண்டியதும் சில தோட்டாக்கள் தட்டை விட்டு விலகின. இதிலிருந்து என் எல்லையை முடிவு செய்தேன்: முட்டு இருந்தால் 120 கெஜம், இல்லையென்றால் 60. எவ்வளவு பெரிய கொம்பு மான் வந்தாலும் இந்த எண் மாறாது என்று ஒரு சீட்டில் எழுதித் துப்பாக்கியின் பின்கட்டையில் ஒட்டினேன். காலை ஆறரை மணிக்கு, இதயம் அடித்துக்கொள்ளும்போது, தூரத்தைப் பற்றி புதிதாக முடிவெடுக்கும் நிலையில் எந்த மனிதனும் இருப்பதில்லை.

இனி இடம். நான் வேட்டையாடுவது ரிச்லண்ட் கவுண்டியில், வயதான பண்ணைக்காரர் ஒருவரின் 80 ஏக்கரில். கோடையில் வேலி கட்ட உதவுகிறேன், அவர் காட்டுக்குள் போக அனுமதிக்கிறார். தென்மேற்கு விஸ்கான்சினைப் பனியுகத்துப் பனிப்பாறைகள் மூடித் தேய்க்கவில்லை. எனவே மாநிலத்தின் மற்ற பகுதி போலச் சமவெளி இல்லாமல் செங்குத்தான மேடுகளும் குறுகிய பள்ளங்களுமாகக் கிடக்கிறது. மேட்டின் உச்சியில் மக்காச்சோளமும் சோயாவும், சரிவு முழுக்க ஓக் மரம். மான் இரவெல்லாம் மேலே சோளத்தில் மேய்ந்துவிட்டு, விடியும்போது சரிவில் இறங்கி மேட்டு முனைகளில் படுக்கும். நடுவில் ஒரு ஆழமான ஓடைப்பள்ளம் சரிவை அறுத்துக்கொண்டு போகிறது. அதன் தலைப்பக்கத்தை மான்கள் சுற்றித்தான் போகின்றன, உள்ளே இறங்கி ஏறச் சோம்பல். குளம்புத் தடம், புழுக்கை, கொம்பு உரசிப் பட்டை போன இளமரங்கள், எல்லாம் அந்த வளைவில்தான் குவிந்திருந்தன.

ஏணிப் பரண், 15 அடி, 160 டாலர். ஆகஸ்ட் கடைசியில் தம்பியும் பண்ணைக்காரரின் மகனும் சேர்ந்து, தடத்துக்கு மேலே 30 கெஜத்தில், சரிவின் மேற்பகுதியில் ஒரு வெள்ளை ஓக்கில் நிறுத்தினோம். அங்கிருந்து பார்வை அற்புதமாக இருந்தது. நவம்பரில் இங்கே காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும். அதற்கும் இந்த இடம் பொருந்தியது.

அக்டோபரில் ஒரு விடியற்காலை சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்தேன். வயலோரத்தில் மில்க்வீட் காய் வெடித்திருந்தது. நம் எருக்குக்கு நெருங்கிய சொந்தம் அந்தச் செடி, உள்ளே அதே பஞ்சு. ஒரு காயைப் பையில் போட்டு வந்திருந்தேன். பரணிலிருந்து ஒரு இழையை விட்டால் அது நம் மோப்பம் எங்கே போகிறதோ அங்கேயே மிதந்து போகும், 60, 70 கெஜம் வரை கண்ணால் தொடரலாம். நாலு டாலர் பொடிக் குப்பி கடையில் விற்கிறது, அது பத்து அடியில் கரைந்துவிடும். நான் விட்ட இழைகள் ஒன்றுகூட வடமேற்குக் காற்றைக் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டே சரிவில் இறங்கி, நேராக மான் தடத்தில் போய் உட்கார்ந்தது.

காரணம் எளிது. இரவில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் போலச் சரிவில் இறங்கிக்கொண்டே இருக்கும். வெயில் பட்டுத் தரை சூடான பிறகுதான் மேலே ஏறத் தொடங்கும். காற்று பலமாக வீசாத காலையில் இந்த இறக்கமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. என் சரிவோ வடமேற்கைப் பார்த்தது, வெயில் விழவே ஒன்பதரை ஆகிறது. அதாவது மான் நடமாடும் நேரம் முழுவதும் என் வாடையை அதன் மூக்குக்கு நானே அனுப்பிக்கொண்டிருப்பேன். போன வருடம் காலையில் தடத்தில் வந்த மான்கள் பாதியிலேயே நின்று, தலையைத் தூக்கி, திரும்பிப் போனதன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. அப்போது நான் தரையில், அதே மேல்சரிவில் உட்கார்ந்திருந்தேன்.

பரணை இறக்கி, தடத்துக்குக் கீழே, ஓடைப்பள்ளத்தின் விளிம்பில் உள்ள ஒரு ஓக்குக்கு மாற்றினோம். பார்வை பாதியாகக் குறைந்தது, மேலே பார்த்து உட்கார வேண்டும். ஆனால் பஞ்சை விட்டால் அது என் முதுகுக்குப் பின்னால் பள்ளத்துக்குள் விழுந்து, மான் போகாத பக்கமாகவே போனது. பார்வையா, காற்றா என்று வந்தால் காற்றைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் முடிவு. சரிவுக்காட்டில் வேட்டையாடும் யாருக்கும் இதையே சொல்வேன்.

இடம் மாறியதால் போகும் வழியும் மாறியது. பள்ளத்தின் அடியில் ஓடை ஓரமாகவே நடந்து வந்து, கடைசி 30 கெஜம் மட்டும் மேலே ஏறுவது. அந்த 30 கெஜத்தில் காய்ந்த ஓக் இலையை இலைவாரியால் பெருக்கித் தள்ளினேன். உறைந்த இலை மேல் நடந்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம் காடெங்கும் கேட்கும். மரங்களில் ஒளி திருப்பும் குத்தூசிகள், பொட்டலம் 6 டாலர், தலைவிளக்கின் மெல்லிய வெளிச்சத்திலேயே வழி காட்டும். சுடும் சந்துகளுக்கு மறைக்கும் கிளைகளைப் பண்ணைக்காரரிடம் கேட்டுவிட்டு வெட்டினேன். தூரமானியால், 130 டாலர், ஒவ்வொரு அடையாள மரத்தையும் அளந்து ஒரு படம் போட்டேன்: விழுந்த பிர்ச் 45, இரட்டை ஓக் 62, பாறை 88. பருவத்துக்கு மிகக் கிட்டத்தில் இந்த வெட்டு வேலையைச் செய்யக்கூடாது, மான்கள் மாற்றத்தைக் கவனிக்கும். எனக்கு பரண் மாறியதால் அக்டோபர் நடுப்பகுதி ஆகிவிட்டது.

பரணில் ஒரே ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வேட்டையில் ஆட்களுக்கு அடிபடுவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று பரணிலிருந்து விழுவது. முழு உடல் பாதுகாப்புப் பட்டை 70 டாலர், தரையிலிருந்து மேல்வரை கட்டும் உயிர்க்கயிறு 35 டாலர். கயிற்றில் நழுவு முடிச்சு ஒன்று இருக்கும், ஏறும்போது கூடவே தள்ளிக்கொண்டு போகலாம், விழுந்தால் இறுகிப் பிடிக்கும். இதனால் கால் தரையை விட்டதிலிருந்து திரும்பத் தரையைத் தொடும் வரை நாம் கட்டப்பட்டே இருப்போம். மேலே போன பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்றால், ஏறி இறங்கும்போதுதான் நிறையப் பேர் விழுகிறார்கள். துப்பாக்கி எப்போதும் காலியாக, குழல் கீழ்நோக்கி, தனிக் கயிற்றில் கட்டி மேலே இழுப்பது. தோட்டா போடுவது உட்கார்ந்து பட்டையைச் சரிபார்த்த பிறகுதான்.

உடைக்கு வருவோம். இடுப்புக்கு மேல் வெளியே தெரியும் உடையில் பாதியாவது பளிச்சிடும் ஆரஞ்சாகவோ பளிச்சிடும் பிங்க்காகவோ இருக்க வேண்டும், தொப்பி போட்டால் அதற்கும் இதே விதி. மேலங்கியும் தொப்பியும் சேர்த்து 32 டாலர். குளிர்தான் பெரிய பாடம். நவம்பர் தொடக்கத்தில் ஒரு விடியலில், பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரி, வீட்டுப் பின்புறத் திண்ணையில் முழு உடையோடு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். உடம்பு தாங்கியது, ஒன்றரை மணி நேரத்தில் கால்விரல் மரத்தது. இரண்டு ஜோடி தடித்த சாக்ஸ் போட்டதால் பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. விரல்சூடு பொட்டலமும் வேலை செய்யவில்லை. அதிலுள்ள இரும்புத்தூளுக்குக் காற்று பட்டால்தான் சூடு வரும், இறுகிய பூட்ஸுக்குள் காற்று எங்கே? ஒரு மெல்லிய சாக்ஸ், மேலே ஒரு கம்பளி சாக்ஸ், அரை அளவு பெரிய பூட்ஸ், 140 டாலர். காலுக்கடியில் ஒரு பழைய யோகா விரிப்புத் துண்டு, பரணின் இரும்புத் தட்டு காலின் சூட்டை உறிஞ்சுவதை அது தடுத்தது. நடக்கும்போது கோட்டு முதுகுப்பையில்தான் இருக்க வேண்டும். வேர்த்துவிட்டால் பிறகு எந்தக் கம்பளியும் காப்பாற்றாது.

சாப்பாடு சப்பாத்திச் சுருள். அலுமினியத் தாள் சரசரக்கும் என்பதால் துணியில் சுற்றிக் கொடுத்தார் மனைவி. பிளாஸ்கில் சுக்குக் காப்பி.

திறப்பு நாள் காலை ஐந்தரைக்கெல்லாம் பரணில் இருந்தேன். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து சுடலாம். அந்த நேரம் வந்ததும் பள்ளத்தாக்குகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிச்சத்தம் தொடங்கியது. பஞ்சு ஒரு இழை விட்டேன், பின்னால் பள்ளத்துக்குள் இறங்கியது. ஏழரை தாண்டி இரண்டு பெட்டை மான்கள் மேட்டிலிருந்து தடத்தில் இறங்கின. முன்னால் வந்தது இரட்டை ஓக் அருகே பக்கவாட்டில் நின்றது. அந்த மரத்தின் எண் மனதில் இருந்ததால் தூரமானியைத் தொடவே இல்லை. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன், மேட்டுச் சரிவு மண். பரணின் கைப்பிடியில் முட்டு வைத்து, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி வைத்தேன். சுட்ட பிறகு அரை மணி நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். உடனே துரத்தினால் அடிபட்ட மான் மேலும் ஓடும். ரத்தத் தடம் தெளிவாக இருந்தது, பள்ளத்துக்குள் கொஞ்ச தூரத்திலேயே விழுந்து கிடந்தது. பக்கத்தில் போனதும் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் நின்றேன். வேகமாக முடிந்திருக்கிறது. அதற்காகத்தானே இத்தனையும்.

நான் திட்டமிடாமல் விட்ட பகுதி அங்கிருந்து தொடங்கியது. குடலெடுப்பது காணொளிகளில் பார்த்ததைவிட எளிதாகவே முடிந்தது. நாலு அங்குலக் கத்தி போதும், பெரிய கத்தி குடலைக் குத்திவிடும். ஆனால் பள்ளத்தின் அடியெங்கும் விழுந்த மரங்கள். இழுக்க வாங்கிய பிளாஸ்டிக் சறுக்குத் தட்டு, 28 டாலர், ஒவ்வொரு மரத்திலும் முட்டிக்கொண்டது. மானைத் தூக்கி மறுபக்கம் வைத்து, தட்டைக் கொண்டுவந்து, மறுபடியும் ஏற்றி. கால் மைலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் வெயில் ஏறிப் பத்து டிகிரியைத் தொட்டுவிட்டது. கறி கெடாமல் இருக்க சீக்கிரம் நாலு டிகிரிக்குக் கீழே போக வேண்டும். வண்டியில் இருந்த 20 பவுண்டு ஐஸை நெஞ்சுக் கூட்டுக்குள் அடைத்துச் சமாளித்தேன். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்ய வேண்டும், கைபேசியிலேயே மாநிலத்தின் கேம்ரெக் பதிவுத் தளத்தில் செய்துவிட்டேன்.

இந்தப் பகுதியில் சி.டபிள்யூ.டி. என்ற மான் மூளைநோய் உண்டு. விஸ்கான்சினில் இது முதலில் 2002-இல் தெரியவந்தது. மனிதருக்குப் பரவியதாக உறுதியான சான்று இல்லை, ஆனாலும் நோய் உள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை. பரிசோதனை இலவசம். கழுத்து சில அங்குலம் சேர்த்துத் தலையை வெட்டி, பையில் கட்டி, சீட்டை நிரப்பி, மாநில இயற்கை வளத் துறையான டி.என்.ஆர். வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கழுத்தில் உள்ள நிணநீர் முடிச்சைத்தான் பார்க்கிறார்கள். கறியை நானே அறுத்துப் பொட்டலம் கட்டி, தேதி எழுதி உறைபெட்டியில் வைத்தேன். வெட்டிக் கொடுக்கும் கடையில் 130 டாலர் கேட்டார்கள். நோய் கண்டறியப்படவில்லை என்று முடிவு வந்த பிறகுதான் முதல் பொட்டலத்தைப் பிரித்தோம். மான் கறியில் கொழுப்பு மிகக் குறைவு, ஆட்டுக்கறிக்கு விடும் விசிலைப் பாதியாகக் குறைத்தால்தான் மிளகு வறுவல் மிருதுவாக வரும்.

துப்பாக்கியை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால், இந்த வருடம் எல்லாம் சேர்த்து எண்ணூறு டாலரைத் தொட்டுவிட்டது. பரண், பட்டை, பூட்ஸ், தூரமானி எல்லாம் பல வருடம் வரும். அடுத்த வருடம் உரிமம், ஒரு பெட்டித் தோட்டா, ஐஸ், நூறு டாலருக்குள் முடிய வேண்டும். பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் ஸ்கோப்பைக் கழற்றி மாட்டிவிட்டே முதல் தோட்டாவைச் சுடுங்கள், அந்த 55 டாலர் ஸ்க்ரூடிரைவர் இரண்டு பெட்டித் தோட்டாவின் விலையை முதல் நாளே திருப்பித் தந்துவிடும்.

செப்டம்பரில் பள்ளத்தில் விழுந்த மரங்களை அறுத்து இழுக்கும் பாதை போட வேண்டும், பண்ணைக்காரர் விறகுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வடமேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளுக்கு இந்தப் பரண் உதவாது, மேட்டின் மறுபக்கத்தில் தரையில் உட்கார ஓர் இடம் பார்க்க வேண்டும். பனி விழுந்து தடங்கள் தெளிவாகத் தெரியும் ஜனவரியில் அதைத் தேடிப் போகிறேன். அப்படியே பரணின் பட்டைகளையும் தளர்த்திவிட வேண்டும். மரம் பருக்கும், வெயிலில் பட்டை இற்றுப்போகும், புதுப் பட்டை இரண்டு 24 டாலர்.